ஆவன செய்யவும்

"எம்.எல்.ஏ. நம்மாளுதானே, ஒரு லெட்டர் வாங்கிட்டா வேல முடிஞ்சிரும்." சேரியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் முன்புவரை நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

சித்தப்பா செத்து ரெண்டு வருஷம். சின்னம்மாவுக்கு விதவை பென்ஷன் வரவில்லை. ஆயிரமாக இருந்து 2023-இல் 1,200 ஆன பணம். இ-சேவை மையத்தில் பதியணும், வி.ஏ.ஓ. பார்க்கணும், ஆர்.ஐ. விசாரிக்கணும், தாசில்தார் உத்தரவு போடணும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் எம்.எல்.ஏ. கிடையாது. ஆனால் வி.ஏ.ஓ. சொல்கிறார்: "எம்.எல்.ஏ.கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா." சேரிக்குள் கால் வைக்காமல் இருக்க அவருக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

போனோம். எங்களுடையது தனித்தொகுதி. சின்னம்மா கையில் ரெண்டு எலுமிச்சம்பழம். "எதுக்கு இது?" என்று கத்தினேன். "வெறுங்கையோட எப்படிப்பா போறது?" எம்.எல்.ஏ. நல்ல மனுஷன், பழத்தை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். பக்கத்தில் கட்சியின் ஒன்றியச் செயலாளர், ஊர்க்காரர். அந்த முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் நம்மாளு பேனாவை எடுத்தார். லெட்டர் பேடில் எழுதியது: "ஆவன செய்யவும்."

கவிதை எழுதுகிறவன், அந்த ரெண்டு வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டேன். செய்ய வேண்டியது என்ன? யார் செய்யணும்? எந்தத் தேதிக்குள்? உத்தரவுமில்லை, கோரிக்கையுமில்லை. தொகையும் தேதியும் இல்லாத செக் வந்தால் எங்கள் பேங்கில் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். தாலுக்கா ஆபீசில் திருப்பக்கூட இல்லை. சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டைக் காட்டினார் கிளார்க். "எல்லாம் அவர் லெட்டர்தான் சார்."

தனிமனிதரைத் திட்டி என்ன ஆகப்போகிறது தோழர்களே? 234 தொகுதியில் 44 நமக்கு. நிற்பவர் நம்மவர், ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டும் கட்சித் தலைமையும். 1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி அறிவிக்கப்பட்டது. காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்தார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம். மாகாண சபைகளில் 71 இடம் 148 ஆனது. லாபம்தானே என்பார்கள். கணக்கு எழுதிப் பிழைப்பவன் சொல்கிறேன்: இருப்பைக் கூட்டிக் காட்டிவிட்டு, செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்ட கணக்கு அது. ஒன்றியச் செயலாளரின் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வைக்கு வயசு தொண்ணூறுக்கு மேல்.

அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கலாமா? இரட்டைமலை சீனிவாசன் எந்தத் தொகுதியிலும் ஜெயித்து வந்தவரில்லை, நியமன உறுப்பினர். பொதுச் சாலை, கிணறு, அரசு அலுவலகம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டுமென்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் யாருக்கும் லெட்டர் கொடுக்கவில்லை, சபையில் எழுந்து நின்றார். மேலவளவு முருகேசன் வெறும் பஞ்சாயத்துத் தலைவர். மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திரும்பும் வழியில், 1997 ஜூன் 30-ஆம் தேதி பஸ்ஸில் வைத்து வெட்டினார்கள். அவரோடு சேர்த்துப் பல உயிர். கேட்கிற பிரதிநிதி என்றால் ஆதிக்க சாதிக்கு எவ்வளவு பயம் என்று அந்த ரத்தம் சொல்லும். ஆவன செய்யவும் என்று எழுதிக் கொடுப்பவரைக் கண்டு யார் பயப்படப்போகிறார்கள்?

கடைசியில் நான் செய்தது பத்து ரூபாய் வேலை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பம் இப்போது யார் மேசையில், எத்தனை நாளாக? முப்பது நாள் முடிவதற்குள் ஆர்.ஐ. எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். இப்போது சின்னம்மாவுக்குப் பணம் வருகிறது. பெருமையாக எழுதவில்லை. படித்த, பேங்கில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை இருந்ததால் நடந்தது. அதுவும் ஒருவகைச் சிபாரிசுதான். அதே தெருவில் இன்னும் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள்.

அவர்களோடு திரும்பவும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போகிறோம். பழம் கிடையாது. லெட்டரும் வேண்டாம். அவர் சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வியை நாங்களே எழுதிக் கையில் கொடுக்கப்போகிறோம்: இந்தத் தாலுக்காவில் நிலுவையில் கிடக்கும் விதவை பென்ஷன் விண்ணப்பம் எத்தனை, அதில் சேரியிலிருந்து வந்தது எத்தனை, எந்த அதிகாரி மேசையில், எத்தனை மாதமாக?