மனைவிக்கும் வேண்டும் சிகிச்சை

குடிப்பவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம் என்று சொல்லும் நோட்டீஸ் ஒட்டாத பேருந்து நிலையம் தமிழகத்தில் குறைவு. சாப்பாட்டில் தூளைக் கலந்து கொடுத்தால் போதுமாம். நோட்டீஸில் இருக்கும் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்கிறவர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். அவர்களின் தவிப்பு நியாயமானது, வழிதான் ஆபத்தானது. மருத்துவர்கள் தரும் டைசல்பிரம் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அது உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே உலை வைக்கலாம். நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே அதைத் தர வேண்டும். தூளில் என்ன இருக்கிறது என்பதோ வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

மற்றவர்களுக்குக் கிடைப்பது அறிவுரை. 'மனசு வச்சா விட்டுடலாம்' என்பார்கள். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் அப்படி மனசு வைத்துச் சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோய் என்றே வரையறுக்கிறது. மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற இலவச எண் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம். அது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு, தனி ஆலோசனை என்பது அங்கே பழக்கமானது. அந்த ஏற்பாட்டின் அருமையை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை. மனைவி, கணவரின் கடனை அடைப்பது, அலுவலகத்துக்கு 'காய்ச்சல்' என்று பொய் சொல்வது எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால் அவை குடியின் விளைவுகளை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் பாழாகிவிட்டது என்று இடிந்துபோகாமல் திரும்பச் சிகிச்சைக்கு அழைத்துவர வேண்டும் என்பதையும் யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தூக்கமிழந்த அந்தப் பெண்ணின் மனச்சோர்வை யார் விசாரிப்பது? அப்பாவின் காலடிச் சத்தத்துக்கே பயப்படும் பிள்ளையை யார் கவனிப்பது?

அரசு மருத்துவமனைகளில் 2025-இல் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. மனதார வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், 2003 முதல் டாஸ்மாக் மூலம் மதுவைச் சில்லறையில் தானே விற்கும் அரசின் கடமை படுக்கை ஒதுக்குவதோடு முடிந்துவிடாது. நோயாளிக்குச் சீட்டுப் போடும்போதே துணைவிக்கும் ஒரு சீட்டுப் போட வேண்டும். கூலி இழக்காமல் அவர் வர, குடும்ப ஆலோசனை ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்க வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பிறகு ஓராண்டுக்காவது, மாதம் ஒருமுறை செவிலியர் ஒருவர் இருவரிடமும் தனித்தனியே தொலைபேசியில் பேச வேண்டும். மது விற்ற வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்று பட்ஜெட்டிலேயே எழுதிவைக்கலாம்.