பச்சைப் பொட்டும் பாட்டியின் கேள்வியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்த படம் ஒண்ணு நம்ம ஆலயப் புலனக் குழுவில் வந்தது. கோபுரத்துக்கு மேலே சூரியன், கீழே வாசல் பக்கம் பச்சையா ஒரு ஒளிப்பொட்டு. "அம்மன் காட்சி கொடுத்துட்டா, எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு எழுதியிருந்தாங்க. ராத்திரிக்குள்ள நாலு குழுவிலிருந்து எனக்கே திரும்பி வந்துடுச்சு.

மறுநாள் பூ கட்டுற பாட்டி என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, அந்த நேரம் நானும் வாசல்லதான் நின்னேன். எனக்கு மட்டும் ஏன் தெரியல? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

அங்கே நின்ன யாருக்குமே அது தெரிஞ்சிருக்காது. பொட்டு வாசல்ல இல்லை, கேமராவுக்குள்ளே இருந்தது. லென்ஸ் ஒரே கண்ணாடி இல்லை, பல அடுக்கு. சூரிய ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பிப் படத்தில் பொட்டா விழுது. பெரும்பாலும் படத்தின் நடுவுக்கு ஒரு பக்கம் சூரியன் இருந்தா, பொட்டு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். கைப்பேசியை அசைச்சா பொட்டும் நகரும். வாசல் நகருமா?

வானத்தில் சில நாள் சூரியனைச் சுற்றி வளையம் தெரியும். அது உயரமான மேகத்தில் இருக்கிற பனித்துகள் செய்யுற வேலை. அது நிஜம், வெளியே நிற்கிற எல்லாருக்கும் தெரியும்.

நல்ல படம் எடுக்க ஆசையா? முதல்ல லென்ஸைத் துடைங்க, நம்ம கையில எண்ணெயும் திருநீறும் இருக்கும். சூரியன் கலசத்துக்குப் பின்னால் மறையுற இடமா பார்த்து நில்லுங்க. திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைங்க. பெரிய கேமரா வச்சிருக்கிற பிள்ளைங்க அந்தத் துவாரத்தில் கண்ணை வச்சு சூரியனைப் பார்க்கவே கூடாது. வலி தெரியாமலே விழித்திரை கெட்டுப்போகும்.

நான் தொழிற்சாலை சூப்பர்வைசர். செக் பண்ணாத பொருளுக்கு எங்க லைன்ல பாஸ் ஸ்டிக்கர் கிடையாது. அம்மன் பேரைப் போட்டு அனுப்புற படத்துக்கு அதைவிடக் கவனம் வேணாமா? நம்பிக்கை குறைஞ்சவன் பேசுறதா நினைக்காதீங்க. பொய்யான காட்சியால ஒரு நல்ல மனசு, "எனக்கு அருள் இல்லையோ"ன்னு ராத்திரி தூங்காம இருந்திருக்கு.

அன்னைக்கு சாயங்காலமே பாட்டியை வாசல்ல நிறுத்தி, கைப்பேசியில் பொட்டை வரவச்சும் போகவச்சும் காட்டினேன். சிரிச்சுட்டாங்க. "அப்போ அம்மா என்னை ஒதுக்கலை"ன்னு சொல்லிட்டுப் பூ கட்டப் போயிட்டாங்க.

அந்தப் படத்தை அனுப்பினவங்க, அதே குழுவில் ஒரு வரி திருத்தி எழுதிடுங்க. அதுவும் தொண்டுதான்.