பச்சிலையும் பரிசோதனையும்

தியாகராயநகர் உஸ்மான் சாலையில் நாள்தோறும் நடக்கிறோம். நகைக் கடை தெரிகிறது, ஜவுளிக் கடை தெரிகிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரிகிறதா? நீதிக்கட்சித் தலைவர் முகமது உஸ்மான்! சென்னை அரசு 1921-ல் அமைத்த நாட்டு மருத்துவக் குழுவின் தலைவர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் விசாரித்து 1923-ல் அறிக்கை தந்தது அந்தக் குழு.

அந்த விசாரணை உள்ளம் இன்று ஒரு நோயின் முன்னே நமக்குத் தேவைப்படுகிறது. டிரைகோமோனாஸ் என்பது உடலுறவால் பரவும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1836-ல் பாரிசில் டோன்னே என்ற மருத்துவர் கண்டறிந்தது. 2020-ல் மட்டும் உலகில் 15 கோடியே 60 லட்சம் புதுத் தொற்றுகள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆணிடம் பெரும்பாலும் அறிகுறியே இராது. பெண்ணுக்கோ வெள்ளைப்பாடு, அரிப்பு, எரிச்சல். கருவுற்றிருந்தால் குறைப்பிரசவ ஆபத்து. கொண்டுவந்தவன் கணவனேயானாலும் தலைகுனிபவள் மனைவி! இது நீதியா?

“மூலிகை தீர்க்காதா?” என்று கேட்கிறான் தோழன். நல்ல கேள்வி! லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் பூந்திக்கொட்டையின் சப்போனினைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டி தலைக்குத் தேய்த்தாளே, அந்த நுரை தரும் பொருள்தான். ஆய்வுக்கூடத்தில் அது ஒட்டுண்ணியை அழித்தது. மகிழ்ச்சி! ஆனால் கண்ணாடிக் குழாயில் கொன்றது உடலிலும் கொல்லுமா? அளவென்ன? புண்ணாக்குமா? கர்ப்பிணிக்கு ஆகுமா? சலவைக்காரமும்தான் குழாயில் கிருமியைக் கொல்லும்; அதை மருந்தென்று விழுங்குவோமா?

இன்று இந்நோய்க்கு மருந்து மெட்ரோனிடசோல். மண்ணில் வாழும் நுண்ணுயிர் தந்த பொருளை முன்மாதிரியாக வைத்துப் பிறந்தது அது. “நீ எந்த நாடு, எந்த ஏடு?” என்று அதை எவரும் கேட்கவில்லை. “சோதனையில் தேறினாயா?” என்றே கேட்டார்கள். அதற்கும் அடங்காத கிருமிகள் இப்போது காணப்படுகின்றன. ஆகவே புது மருந்து தேடத்தான் வேண்டும். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைச் சரக்கையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். பழமை என்பதற்காகப் பணிய வேண்டாம். பச்சிலை என்பதற்காகப் பழிக்கவும் வேண்டாம். சோதிக்கட்டும்! தேறியது மருந்தாகட்டும்!

அதுவரை, தோழர்களே, மனைவியின் நோயைச் “சூடு” என்று மூடி மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு இருவரும் செல்லுங்கள். மருத்துவர் தரும் மருந்தை இருவரும் உண்ணுங்கள். அவள் மட்டும் உண்டால், குணமான நோய் உன்னிடமிருந்தே அவளிடம் திரும்பும். சமத்துவம் மேடையில் மட்டும் பேசுவதற்கா? மாத்திரையிலும் சரிபாதி ஏற்பவனே மானமுள்ள ஆண்மகன்!