கையுறையும் கையும்

வங்கியில் நான் பார்க்கிற வேலைக்குக் கையுறை தேவையில்லை. ஆனாலும் நோட்டு எண்ணுகிறபோது விரலை எச்சில் தொடக் கூடாது என்று ஈரப் பஞ்சு வைத்த ஒரு டப்பாவைத் தருகிறார்கள். விரல்நுனியில் மாட்டிக்கொள்ள ரப்பர் தொப்பியும் உண்டு. நான் கேட்டு வாங்கியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேசையில் இருந்தது.

போன மாதம் ஒரு பெரியம்மா சம்பளப் பணம் எடுக்க வந்தார். நகராட்சியில் காண்ட்ராக்டில் குப்பை அள்ளுகிறவர். ரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னேன். பதியவில்லை. இன்னொரு விரல், அதுவும் இல்லை. நாலு முறை வைத்தாயிற்று. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

"கையத் தொடச்சிட்டு வைங்க பெரியம்மா."

"தொடச்சிட்டுத்தான்யா வெச்சேன். ரேகை இருந்தாத்தானே விழும்."

கையை விரித்துக் காட்டினார். பிளீச்சிங் பவுடரும் ஈரமும் தின்று, ரேகை தேய்ந்து வழவழவென்று கிடந்தது. விரலிடுக்கில் வெடிப்பு. எழுத்தறிவில்லை என்று ஒரு காலத்தில் இந்தக் கையிடம் ரேகை கேட்டார்கள். இப்போது அந்த ரேகையையும் வேலை எடுத்துக்கொண்டது. வேறு வழியில் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு முன் கேட்டேன், "கையுறை தர்றதில்லையா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வீட்டில் பாத்திரம் கழுவப் போடுகிற மெல்லிய ரப்பர் உறை. இரண்டு விரல் கிழிந்திருந்தது. அவர் கைக்கு இரண்டு அளவு பெரியது. "இதப் போட்டா ஒண்ணும் புடிக்க வரல, வழுக்குது. போடலன்னா போட்டோ எடுக்கறப்ப சூப்பர்வைசர் திட்டறாரு. போட்டோவுக்குப் போடுவோம், அப்புறம் கழட்டிருவோம்."

தோழர்களே, இந்த இதழின் தலையங்கம் அந்தக் கையுறையைப் பற்றியது.

"கொடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க சார்" என்பது எல்லா ஊர் அதிகாரிகளும் சொல்கிற வசனம். நம் மக்களுக்குப் பழக்கமில்லை, விழிப்புணர்வு இல்லை என்று ஒரு முகாம் நடத்திக் கணக்கை முடித்துவிடுவார்கள். எந்தக் கையுறையைக் கொடுத்தாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை. நமக்கும் தெரியாது என்பதுதான் காரணம். அறிவு அதிகாரத்தின் கையில் இருக்கிறவரை, கொடுத்ததே போதும் என்றுதான் அவன் சொல்வான். ஆகவே முதலில் தெரிந்துகொள்வோம்.

எல்லா வேலைக்கும் ஒரே கையுறை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கைக்கு என்ன ஆபத்து என்று பார்த்த பிறகுதான் உறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குத்துமா, வெட்டுமா, அரிக்குமா, சுடுமா, ஷாக் அடிக்குமா, நோய்க்கிருமி ஏறுமா? ஒன்றைத் தடுப்பது இன்னொன்றைத் தடுக்காது.

குப்பை அள்ளுகிறவருக்கு உடைந்த கண்ணாடி, பிளேடு, தகரம், ஊசி, அழுகல் நீர் எல்லாம் ஒரே பையில் வருகிறது. மெல்லிய ரப்பர் உறை தண்ணீரைத் தடுக்கும், கண்ணாடியைத் தடுக்காது. துணி உறை அழுகல் நீரைக் குடித்து நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைக்கும், வெறுங்கையைவிட அது மோசம். இவருக்கு வெட்டைத் தாங்கும் பின்னல் துணியின் மேல் நைட்ரைல் ரப்பர் முழுக்கப் பூசிய உறை வேண்டும். உள்ளங்கையில் மட்டும் பூசியிருந்தால் புறங்கை வழியாக நீர் இறங்கும். தூக்கி அள்ளும்போது நீர் உள்ளே ஓடாதபடி முழங்கை நோக்கி நீண்டிருக்கவும் வேண்டும்.

நல்ல உறையின் மேல் சுத்தியல் படம் போட்ட ஒரு சின்னமும், இ.என். 388 என்று அச்சும், கீழே சில எண்களும் இருக்கும். அது ஐரோப்பியத் தரக் குறியீடு. முதல் எண் உராய்வு, இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிதல், நாலாவது குத்து. எண் கூடினால் வலு கூடும். வெட்டு மட்டும் 5 வரை போகும், மற்றவை 4 வரை. பிறகு வருகிற ஆங்கில எழுத்து வேறொரு வெட்டுச் சோதனையின் முடிவு. ஏ என்றால் குறைவு, எஃப் என்றால் அதிகம். ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் குத்துச் சோதனையை நடத்துவது முனை மழுங்கிய தடித்த கம்பியால், ஆஸ்பத்திரி ஊசியால் அல்ல. நாலாவது எண் 4 என்றிருந்தாலும் ஊசி ஏறிவிடலாம். ஆகவே கையுறை போட்டாலும் பையைக் கையால் அமுக்கக் கூடாது, கைவிட்டுக் கிளறக் கூடாது. இடுக்கியும் கொக்கியும் கேட்டு வாங்க வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசியால் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை பி வகை தொற்றும் வாய்ப்போ நூற்றில் 6 முதல் 30 வரை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆறு மாதத்தில் மூன்று தவணை. எத்தனை நகராட்சிகளில் போட்டிருக்கிறார்கள் என்று நம் தோழர்கள் வார்டு வார்டாகக் கேட்க வேண்டும்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிற கைக்கு வேறு உறை. மயிரைக் கரைக்கப் போடுகிற சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் மாட்டின் தோல் எது, மனுசன் தோல் எது என்று பார்ப்பதில்லை. குரோம் உப்பு வருடக்கணக்கில் பட்டால் தீராத அரிப்புப் படை வரும். அங்கே பி.வி.சி., நைட்ரைல், நியோபிரீன் ஆகியவற்றில் ஒன்றாலான நீள உறை வேண்டும். தோல் கையுறை அங்கே உதவாது, நனைந்தால் உறிஞ்சிக்கொள்ளும். குரோமில் பதனிட்ட தோலால் தைத்த கையுறையே, ஒவ்வாமை வந்துவிட்டவரின் கையில் மறுபடி படையைக் கிளப்பும் என்பது கொடுமை. நாம் பதனிட்ட தோல் உறையாகி நம் கைக்கே வந்தாலும் அரிப்போடுதான் வருகிறது.

சித்தாள் வேலைக்குப் போகிற நம் பெண்கள் ஈர சிமெண்டைக் கையால் அள்ளுகிறார்கள். அதிலும் காரம் உண்டு, குரோமியம் உண்டு. படும்போது எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் புண் தெரியும். அதற்கும் நைட்ரைல் பூசிய, நீர் புகாத உறைதான். காய்ந்த செங்கல் தூக்கத்தான் தோல் உறை நல்லது.

வயலில் மருந்தடிக்கிறவருக்கு உள்ளே துணி வைக்காத நைட்ரைல் உறை. துணி இருந்தால் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த நாளும் தோலுக்குக் கொடுக்கும். 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்கள். மருந்து மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஏறுகிறது.

ரசாயனத்தைத் தடுக்கும் உறையில் கண்ணாடிக் குடுவைப் படமும் 374 என்ற எண்ணும் பார்க்கலாம். கக்கூஸ் கழுவ ஆசிட் தருகிற இடங்களில் அதைக் கேளுங்கள். மின்சார வேலைக்கு எந்த ரப்பரும் ஆகாது. எத்தனை வோல்ட்டுக்குச் சோதித்தது என்று அச்சிட்ட தனி உறைதான் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சுழலுகிற மெஷின், கரும்பு பிழியும் உருளை, துளை போடும் இயந்திரம் இவற்றின் பக்கத்தில் கையுறையே போடக் கூடாது. உறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அங்கே மெஷினுக்குத்தான் மூடி போட வேண்டும்.

அளவு. கட்டை விரலை விட்டுவிட்டு, நாலு விரலின் அடிமுட்டியைச் சுற்றி டேப்பால் அளந்தால் எத்தனை அங்குலம் வருகிறதோ ஏறத்தாழ அதுதான் கையுறையின் எண். 7 அங்குலம் என்றால் 7ஆம் எண். துணிக்கடையில் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற சமூகம், குப்பை அள்ளுகிற பெண்ணின் கைக்கு மட்டும் அளவெடுக்காது. ஆம்பளை அளவில் மொத்தமாக டெண்டர் விட்டுவிட்டு, "போட மாட்டேங்கிறாங்க" என்று எழுதிவைக்கும்.

ஒரு ஜோடி போதாது. ஒன்று காயும்போது இன்னொன்று வேண்டும். கிழிந்த அன்றே மாற்றித் தர வேண்டும், வருசத்துக்கு ஒருமுறை அல்ல. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது. கழற்றுமுன் உறையோடு கழுவி, வெளிப்புறம் தோலில் படாமல் உரிக்க வேண்டும். இதற்கெல்லாம் வேலையிடத்தில் தண்ணீரும் சோப்பும் வேண்டும். குடிக்கவே தண்ணீர் தராத இடத்தில் இதையும் போராடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் எழுதியபின் ஒரு தோழர் கேட்பார், எனக்குத் தெரியும். கூட்டத்தில் அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நாம கேக்கறது விடுதலையா, நல்ல கிளவுஸா? இந்த வேலையே வேணாங்கறதுதானே அம்பேத்கர் வழி? நைட்ரைல் மாட்டிக்கிட்டு அள்ளுனா மலம் மலம் இல்லாமப் போயிடுமா?"

கேள்வி நியாயமானது. நாம் நினைப்பதைவிடவும் நியாயமானது. 1993இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பர் 6இல், அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. அதன் விளக்கப் பிரிவைப் படித்துப் பாருங்கள். மத்திய அரசு அறிவிக்கிற கருவிகளின் உதவியோடும் பாதுகாப்புக் கவசங்களோடும் மலத்தைச் சுத்தம் செய்கிறவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். அதாவது அதே ஆள், அதே சாதி, அதே குழி. கையில் உறையும் ஒரு கருவியும் வந்தால் சட்டத்தின் கணக்கிலிருந்து அவர் மறைந்துபோகலாம். கையுறை கையைக் காப்பது ஒரு பக்கம். மறுபக்கம் அரசு தன் கையைக் கழுவிக்கொள்ளவும் அதே உறை பயன்படுகிறது. போட்டோ எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆகவே எனக்குத் தெளிவான அளவில் இதைச் சொல்கிறேன்.

மேன்ஹோலுக்கும் செப்டிக் டேங்குக்கும் கையுறை பதிலே அல்ல. அங்கே கொல்லுவது வாயு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டதென்று இறங்குகிறவன் மேலே வருவதில்லை, தூக்கப் போனவனும் வருவதில்லை. அந்தக் குழிக்குள் எந்த உறையோடும் மனிதன் இறங்கக் கூடாது. எந்திரம் இறங்கட்டும். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் தரச் சொன்னது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதை 30 லட்சமாக உயர்த்தியது உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் தீர்ப்பு. பணத்தை வாங்கித் தருவது நம் வேலைதான், ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

ஆனால் குப்பை இருக்கும். தோல் ஷாப், வயல், சிமெண்ட், ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாம் நாளைக் காலையிலும் இருக்கும். விடுதலை வருகிறவரை அந்தப் பெரியம்மா வெறுங்கையோடு அள்ளட்டும் என்று சொல்ல எனக்கும் உங்களுக்கும் என்ன உரிமை? என் கை நோட்டு எண்ணுகிற கை. உங்கள் கை புத்தகம் பிடிக்கிற கை. வேலைப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் ஒரு வரிசை சொல்கிறார்கள்: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததை வை, பிறகு எந்திரம், பிறகு வேலை முறை, எல்லாவற்றுக்கும் கடைசியில் கையுறை. அரசு இந்த ஏணியைத் தலைகீழாக நிறுத்தி, கடைசிப் படியையும் கிழிசலாகத் தருகிறது. ஏணி முழுவதையும் நாம் கேட்க வேண்டும். மேல்படியைக் கேட்பதால் கீழ்ப்படியை விட்டுத்தர வேண்டியதில்லை. இது அந்தத் தோழருக்கான என் பதில்.

1927 மார்ச் 20இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் கையால் நீரை அள்ளிக் குடித்தார். தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட கை அது. இந்த நாட்டில் தீண்டாமையே ஒரு பெரிய கையுறைதான். ஊர்க்காரன் தன் கை அழுக்காகாமல் இருக்க நம் ஆட்களின் கையை மாட்டிக்கொள்கிறான். அதைக் கழற்றுவதுதான் நம் அரசியல். அதுவரை நம் கை அரிபடாமல் இருக்க வேண்டும் என்பதும் அரசியல்தான்.

மாணவத் தோழர்கள் இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்து வார்டுக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள். யாருக்கு எந்த அளவு, என்ன வேலை, கடைசியாக உறை தந்தது எந்தத் தேதி, தடுப்பூசி போட்டதா, கழுவத் தண்ணீர் உண்டா என்று எழுதுங்கள். கையுறை உட்பட எல்லாம் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொன்னவைதான், யாருடைய தயவும் இல்லை. டெண்டரில் என்ன தரம் கேட்டார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், எழுதித் தருகிறேன். மனு எழுதுவது எங்கள் குமாஸ்தா சாதிக்குக் கைவந்த கலை.

பெரியம்மாவின் கையை அன்றைக்கே கவுண்டரில் வைத்து அளந்தேன். ஏழு. "எதுக்குய்யா?" என்றார். "உங்க அளவு தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். "ஐம்பது வயசுக்கு இப்பத்தான் ஒருத்தன் கேக்கறான்" என்று சிரித்தார்.

ஜெய்பீம்.