பெற்றோரை அழைக்குமுன் காப்புறுதியை எண்ணுவோம்



பேரப்பிள்ளை பிறக்கும் வேளையிலும் பாடசாலை விடுமுறையிலும் ஊரிலிருந்து தாய் தந்தையரை அழைப்பது கெல்லிவில்லிலும் அயலிலும் வாழும் நம்மவருக்கு வழமையாகிவிட்டது. விமான டிக்கற்றை நாலு இடத்தில் விசாரித்து வாங்குகிறோம். மருத்துவக் காப்புறுதியை மட்டும் கடைசி நேரத்தில் மலிவாகப் பார்த்து எடுக்கிறோம், சிலர் எடுப்பதேயில்லை. "இது அமெரிக்கா இல்லையே, இங்கே ஆஸ்பத்திரி இலவசம்தானே" என்பார்கள். இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு வைத்தியன் என்ற முறையில் எடுத்துச் சொல்வது என் கடமை.

1984 பெப்ரவரி 1ஆம் திகதி ஆரம்பமான மெடிகெயர், அடிப்படையில் இந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கும் உரியது. நம்மில் பெரும்பாலோர் அதற்காக வருமானத்தில் நூற்றுக்கு 2 வீதம் செலுத்துகிறோம். ஆனால் மகன் கட்டும் வரி, விசிட்டர் விசாவில் வந்த தாய்க்கு உரிமை தராது. பிரித்தானியா, நியூசிலாந்து, இத்தாலி உட்பட 11 நாடுகளுடன் அவுஸ்திரேலியா மருத்துவ ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பலருக்கு மெடிகெயர் கிடைக்கிறது. பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கோ அந்தச் சலுகை இல்லை. 2019இல் வந்த 870 இலக்கப் பெற்றோர் விசாவிலும் காப்புறுதி நம் பொறுப்பே. விசாவில் 8501 என்ற நிபந்தனை இருந்தால், தங்கும் காலம் முழுவதும் காப்புறுதி வைத்திருப்பது சட்டக் கடமையாகும்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு உயிருக்குப் போராடுபவரைத் திருப்பி அனுப்பாது. அமெரிக்காவிலும் 1986ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இதையே கட்டாயமாக்குகிறது. ஆனால் இரு நாடுகளிலும் பின்னால் பில் வரும். மெடிகெயர் இல்லாதவருக்கு இங்கே ஒரு நாள் கட்டிலுக்கே ஆயிரம் டொலருக்கு மேல் ஆகலாம். அம்புலன்ஸ் கட்டணம் வேறு.

காப்புறுதி எடுத்தவர்களும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பொலிசிகளில் 12 மாதக் காத்திருப்பு உண்டு. சிலவற்றில் அந்நோய்க்குப் பணமே கிடையாது. நம் பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பழைய நீரிழிவும், இரத்த அழுத்தமும், இதய நோயும்தான். ஆகவே கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பழைய நோய்க்கு எப்போதிருந்து பணம் தருவார்கள்? மொத்தமாக எவ்வளவு வரை தருவார்கள்? அம்புலன்ஸ் சேர்ந்ததா?

"டொக்டர், வருத்தம் இங்கே வந்த பிறகுதான் தொடங்கியது என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. எந்த வைத்தியரும் அப்படி எழுதக்கூடாது. எழுதினால் அவருடைய பதிவே பறிபோகலாம். அதைவிடப் பெரிய கேடு, காப்புறுதிக்காக அம்மாவின் குளிசைகளை ஒளிப்பது. அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று அறியாமல் வைத்தியம் செய்தால் உயிருக்கே ஆபத்து. மகனுக்குச் செலவு வைக்கக்கூடாதென்று நெஞ்சுவலியை இரவு முழுவதும் அடக்கிக்கொள்ளும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. நல்ல காப்புறுதி இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் வாய் திறப்பார்கள்.

வயதானவர்களுக்குக் கட்டணம் அதிகம் என்பது உண்மையே. அப்படியானால் ஒரு வருடத்தை மூன்று மாதமாகக் குறையுங்கள். சகோதரர்கள் பங்கிட்டுக் கட்டுங்கள். காப்புறுதி இல்லாமல் நீண்ட நாள் வைத்திருப்பதை அன்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குடும்பம் இடர்ப்பட்டதும் நிதி சேர்க்கும் நல்ல மனம் நம்மிடம் இருக்கிறது. அதோடு ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பின் ஒரு மணித்தியாலம், விசா, காப்புறுதி விளக்கக் கூட்டம் நடத்துவோம். அங்கத்தவர்களில் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் தாராளமாக இருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு என் நேரத்தைத் தர நான் ஆயத்தம்.