கூடையை இறக்கும் இரண்டு நிமிடம்



"யோகாவெல்லாம் கார்ல போறவங்களுக்கு டீச்சர். நமக்கு மலை ஏறி எறங்குறதே யோகாதானே!" போன மாதம் மாதர் கமிட்டிக் கூட்டத்தில் ஓர் அக்கா இப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். கூட்டம் முடிந்ததும் அதே அக்கா தனியாக என்னிடம் வந்தார். இரவில் தூக்கமே இல்லையாம். விடியக்காலை பெரட்டை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறதாம். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்தப் பதிலை நான் கற்றது மலையில் இல்லை, கடலில். யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த சிநேகிதி நெடுந்தீவைச் சேர்ந்தவர். சோளகக் காற்று வீசும் ஒரு விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனேன். பண்ணைப் பாலம் தாண்டி, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏற வேண்டும். அங்கிருந்து நயினாதீவு பக்கம்தான். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். லயத்தில் பிறந்த நான் அதற்கு முன் கடலில் காலே வைத்தவள் இல்லை. படகு ஆடிய ஆட்டத்தில் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக இருந்தேன். பக்கத்தில் இருந்த சிநேகிதியின் அம்மா, "பிள்ளை, கடலைப் பாக்காதையும். வயித்தில கையை வையும். மூச்சை மெல்ல விடும், இன்னும் மெல்ல" என்றார். அவருடைய உதடுகள் நயினை அம்மன் பேரைச் சொல்லி அசைந்துகொண்டிருந்தன. ஒரு மூச்சுக்கு ஒரு தடவை.

அந்தக் கடல் அவருக்கு வெறும் தண்ணீர் அல்ல. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்தார்கள். பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அதில் போனவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் அதே கடல்வழியே போய்வர வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தை யாழ்ப்பாணத்தில் ஓர் உளவளத் துணையாளர் தனக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவர் சொன்னார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் நோயாளிகளுக்கு இதைப் பரவலாகப் பயன்படுத்தியவர். மனக்காயத்துக்கு மருந்தும் ஆலோசனையும் போதாத இடத்தில், மக்களிடம் ஏற்கனவே இருந்த பழக்கங்களை அவர் கையில் எடுத்தார். சைவர்களுக்கு மூச்சோடு சேர்த்து ஓம் என்ற ஜெபம். கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை. முஸ்லிம்களுக்குத் திக்ர். பௌத்தர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. அமெரிக்காவில் ஹேர்பேட் பென்சன் என்ற இதய வைத்தியர் 1975இல் எழுதிய நூலிலும் இதே விஷயம்தான் இருக்கிறது: ஒரு சொல்லை மூச்சோடு திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், மனம் எங்காவது ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டி வாருங்கள். சாமி கும்பிடாத தோழர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். நான் என் மகளின் பேரைச் சொல்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது? ஆபத்து என்று கண்டால் உடம்பு சண்டை போடவோ ஓடவோ தயாராகும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும், தோளும் தாடையும் இறுகும். நமக்கோ கிலோ குறைந்தால் அரைப்பேர். கங்காணியோடு சண்டை பிடிக்கவும் முடியாது, மலையை விட்டு ஓடவும் முடியாது. ஆகவே உடம்பு முறுக்கிய கயிறு போல அப்படியே நிற்கிறது. அந்தி நேரம் காம்பராவுக்கு வந்த பிறகும் அவிழ்வதில்லை. அந்த முறுக்குத்தான் பிள்ளை மேல் விழும் அடியாகவும், சில வீடுகளில் சாராயப் போத்தலாகவும் வெளியே வருகிறது. இதயத்தைப் பார்த்து "மெல்ல அடி" என்று நாம் கட்டளையிட முடியாது. மூச்சுக்குக் கட்டளையிடலாம். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடம்பின் இயல்பு. அதனால் உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாலு எண்ணும் வரை இழுங்கள், வயிறு உப்பட்டும். ஆறு எண்ணும் வரை விடுங்கள். பத்துத் தடவை செய்ய இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது. கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றுகொண்டே செய்யலாம்.

கூடையை இறக்கியதும் இன்னொன்றும் செய்து பாருங்கள். இரண்டு தோள்களையும் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, சட்டென்று விடுங்கள். பிறகு கைவிரல்களை முஷ்டியாக மடக்கி விடுங்கள். நாள் முழுக்கக் கயிறு இழுத்த கழுத்தை மட்டும் மெதுவாகச் சாயுங்கள், சுழற்ற வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள். கண்ணை மூடினால் பழைய பயங்கரம் எதுவும் கண்முன் வருகிறவர்கள் கண்ணைத் திறந்தபடியே, தூரத்து மரம் ஒன்றைப் பார்த்தபடி செய்யலாம். நெஞ்சுவலி என்றால் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நம்பிக்கையான ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சங்கக்காரியாக ஒரு சொல். ஒரு தோட்டத்தில் நிர்வாகம் "மன அழுத்தம் நீக்கும் நிகழ்ச்சி" ஒன்றை வைத்தது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, சிரித்த முகத்தோடு இருந்தால் கவலை போய்விடும் என்று பேசினாராம். அன்று மலைக்குப் போகாத நேரத்தைக் கணக்கில் வைத்து மறுநாள் கிலோவைக் கூட்டிக் கேட்டார்களாம். இந்த வித்தையை நாம் ஏற்க முடியாது. ஆயிரம் ரூபாய்க்கு வருடக்கணக்காகப் போராடினோம், 2021இல் வந்தது. 1350 ரூபாய்க்கு 2024 வரை காத்திருந்தோம். சம்பளம் ஏறும்போதெல்லாம் பல தோட்டங்களில் கிலோவும் சேர்ந்து ஏறியது. மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்ணுக்கு மூச்சுப்பயிற்சி அந்தக் கூடத்தைக் கட்டித் தராது. கடனையும் அடைக்காது.

அப்படியானால் இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மக்களின் கோபத்தைத் தணித்துவிடும் என்பது அவர்கள் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. தூக்கமில்லாமல், கை நடுங்கிக்கொண்டு கந்தோருக்குப் போய் நிற்கும்போது சொல்ல வேண்டிய பாதி மறந்து போகிறது. துரை குரலை உயர்த்தினால் நாமும் கத்துகிறோம். பிறகு கத்தியதற்காகவே நம்மேல் குற்றப்பத்திரம் வருகிறது. போன முறை பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் கந்தோர் வாசலில் நாங்கள் ஐந்து பேர் பத்து மூச்சு விட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். தலைவி ஒரு கணக்கையும் விடாமல் பேசி முடித்தார்.

என் வகுப்பில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்து, ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு கடதாசிப் படகை வைப்பேன். மூச்சு இழுக்க படகு ஏறும், விட இறங்கும், கவிழக்கூடாது. கடலையே காணாத பிள்ளைகள் அவர்கள். ஒரு பையன் தன் படகை வீட்டுக்குக் கொண்டு போகக் கேட்டான். ராத்திரி அம்மாவுக்கு வேண்டுமாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம்: நிறுவை இடத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் உட்கார பலகையும், காலையும் மாலையும் கிலோவில் வெட்டாத பத்து நிமிட ஓய்வும். உங்கள் தோட்டத்தில் நிலைமை எப்படி என்று கிளைத் தலைவர் மூலம் எழுதி அனுப்புங்கள்.