ஜிப்மர் சுற்றறிக்கைக்கு வக்காலத்து வாங்குவோருக்கு

2022 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரின் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பதிவேடுகள், பணிப்பதிவேடுகள் ஆகியவற்றின் தலைப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். உள்ளே எழுதும் பதிவுகள் இனி இயன்றவரை இந்தியில் இருக்க வேண்டும் என்றது. ஊர் கொதித்தது. வக்காலத்து வாங்க வந்தவர்கள் அன்று சொன்னதை இன்றும் சொல்கிறார்கள்: இது உள் நிர்வாகம், சட்டப்படியானது, கட்டாயமில்லை, பிரெஞ்சை ஏற்ற ஊருக்கு இந்தி மட்டும் ஏன் கசக்கிறது? நான்கில் ஒன்றுகூட நிற்காது.

உள் நிர்வாகமாம். நியமனம், ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை, ஓய்வூதியம் எல்லாம் பணிப்பதிவேட்டில்தான் பதிவாகின்றன. முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு செவிலியர் தன் பணிக்கணக்கைத் தானே படிக்க முடியாமல், அடுத்தவரிடம் நீட்டிப் பொருள் கேட்டு நிற்க வேண்டுமா? ஊழியரின் பிழைப்பைத் தொடுகிற ஒன்றை வெறும் அலுவலக நடைமுறை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சட்டப்படியானதாம். தலைப்புகள் இரு மொழியில் இருக்க வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளில் இருக்கிறது. ஆனால் கோப்பில் குறிப்பெழுதும் ஊழியர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்று அதே விதிகளின் 8ஆம் விதி சொல்கிறது. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(4) பிரிவு இன்னும் தெளிவானது: இரண்டில் ஒரு மொழி மட்டும் அறிந்தவர், மற்றது தெரியாத காரணத்தால் பாதிக்கப்படக் கூடாது. சட்டத்தின் பெயரைச் சொல்லிச் சட்டம் தந்த பாதுகாப்பையே பறிக்கப் பார்த்தார்கள்.

கட்டாயமில்லையாம். மேலதிகாரி கையெழுத்திட்ட தாளில் 'இயன்றவரை' என்றிருந்தால் கீழே இருப்பவர் அதை உத்தரவாகத்தான் படிப்பார். பதவி உயர்வு யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். விருப்பத்தைக் கேட்காமல் அனுப்பியதற்குப் பெயர் திணிப்பு.

கடைசி வாதம்தான் வெட்கக்கேடானது. பிரெஞ்சு ஆட்சி நம்மைக் கேட்டு வரவில்லை. 1748இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே காலத்தில் புதுச்சேரியின் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். அந்த வேதனையை தூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஊர் அதையெல்லாம் விரும்பி ஏற்றதா? அடிமைப்படுத்தியவனை முன்மாதிரியாகக் காட்டுகிறவர், தான் ஆதரிப்பது எந்த வகைச் செயல் என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பிரெஞ்சு அரசும் போகும்போது 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒன்றை ஏற்றுக் கையெழுத்திட்டது: மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரைதான் பிரெஞ்சு ஆட்சிமொழி. முடிவு இந்த மண்ணின் மக்களுடையது என்று இந்திய அரசும் அதில் ஒப்புக்கொண்டது. 1965இல் புதுச்சேரி முடிவெடுத்தது. தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. தன் பகுதிகளான மாஹேவுக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்று அங்குள்ளவர்களின் மொழியையும் மதித்தது. பிறர்மேல் எதையும் சுமத்தாமல் ஆட்சி நடத்த முடியும் என்பதற்கு இந்தச் சிறிய ஊரே சான்று.

இந்தி கற்க விரும்புகிறவர் கற்கட்டும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கற்பது வேறு, திணிப்பது வேறு. 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளின் முதல் விதியே தமிழ்நாட்டுக்கு விலக்குத் தருகிறது. ஜிப்மரை அடுத்த கோரிமேட்டு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அந்த விதிகள் செல்லாது. இப்பக்கம் ஜிப்மரில் செல்லும். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வரும் நோயாளியும், அவருக்கு ஊசி போடும் புதுச்சேரிப் பெண்ணும் பேசுவது ஒரே தமிழ். ஒருவருக்குக் கிடைத்த விலக்கு மற்றவருக்கு ஏன் இல்லை? சுற்றறிக்கைக்கு விளக்கம் சொல்வதை விடுங்கள். அந்த விதியில் தமிழ்நாட்டோடு புதுச்சேரியையும் சேர்க்கச் சொல்லி டெல்லியிடம் கேளுங்கள். திணிப்பே இல்லை என்பது உண்மையானால், இதைக் கேட்பதில் உங்களுக்கு என்ன தயக்கம்?